பட்டாளத்துல இருந்து சண்டைக்கு போன நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து ஆளுங்க, அவங்க வீட்டாளுங்க யாராவது இங்க இருக்கீங்களா?

தக்கலைப்பேரன்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமான போஸ்ட், பொறுமையா படிங்க.

எங்க பாட்டா மெட்ராஸ் ரெஜிமெண்ட், 16வது பட்டாலியன். 71 பாகிஸ்தான் சண்டைல ஷக்கர்கர் செக்டர்ல பசந்தர் ஆத்து பக்கம் இருந்தாவ. இப்ப வயசு 77. காது கண்ணு எல்லாம் நல்லாதான் இருக்கு, காலைல நடந்தே சந்தைக்கு போயி சாளை மீன் வாங்கிட்டு வருவாவ. ஆனா சண்டைய பத்தி மட்டும் மிண்டமாட்டாவ. எங்கப்பாக்கே ஒண்ணும் தெரியாது. வெலிங்டன்ல ட்ரெய்னிங் எடுத்த கதை, இந்தி தெரியாம ட்ரெய்னிங் குடுக்க உஸ்தாத்கிட்ட பட்ட பாடு, லங்கர்ல, அதாவது பட்டாளத்து சாப்பாட்டு கூடத்துல, ரொட்டி தின்ன முடியாம சோத்துக்கு ஏங்குனது, இதெல்லாம் சிரிச்சு சிரிச்சு சொல்லுவாவ, "வீர மதராசி, அடி கொல்லு அடி கொல்லு"ன்னு கோஷம் கூட போட்டு காட்டுவாவ. 71ன்னு வாயெடுத்தா மட்டும் "குளிரு மக்கா, நல்ல குளிரு"ன்னு சொல்லிட்டு தென்னைக்கு வெள்ளம் விட எந்திரிச்சு போயிருவாவ.

அதனால நான் நெட்லயும் புத்தகத்துலயும் தேடி படிச்சேன். டிசம்பர் 15 ராத்திரி ஆத்த தாண்டி 16 மெட்ராஸ் சராஜ் சக் கிராமத்தை புடிச்சது, பக்கத்துல 3 கிரனேடியர்ஸ் ஜர்பால புடிச்சது, அப்புறம் பாகிஸ்தான் டேங்க வச்சு திருப்பி திருப்பி அடிச்சது, 16 மெட்ராஸோட சி.ஓ., அதாவது பட்டாலியன் தலைவர், லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் கய் அந்த சண்டையிலயே இறந்து மகாவீர் சக்ரா கெடைச்சது வரைக்கும் தெரிஞ்சுகிட்டேன். அதாவது எங்க பாட்டாக்க சி.ஓ.வே செத்துப்போன சண்டை அது. அந்த ராத்திரி எங்க பாட்டா எங்க இருந்தாவ, கூட யாரு இருந்தா, என்ன பாத்தாவ, ஒண்ணும் தெரியாது. கர்னல் பேரு புத்தகத்துல இருக்கு. எங்க பாட்டா பேரு எங்கயும் இல்ல, அவங்க சொன்னாதான் உண்டு.

போன மாசம் என் அக்கா மகன் ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு பேட்டி எடுக்கேன்னு போன்ல வீடியோ ஆன் பண்ணி முன்னால வச்சுட்டு முதல் கேள்வியே "பாட்டா நீங்க எத்தன பேர சுட்டிய"ன்னு கேட்டுட்டான். சின்ன பய, அவனுக்கு என்ன தெரியும். பாட்டா எந்திரிச்சு உள்ள போயி அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல.

நம்ம மாவட்டத்துல எந்த தெருவுக்கு போனாலும் ஒரு மிலிட்டரி வீடு இருக்கும். அதனாலதான் இங்க கேக்கேன். நீங்களோ உங்க அப்பா, மாமா, சித்தப்பா யாராவதோ 62, 65, 71, சிலோன், கார்கில் எதுல இருந்திருந்தாலும் ஞாபகத்துல இருக்கத எழுதுங்க. பாட்டாகிட்ட எப்படி கேக்கணும்னும் சொல்லுங்க. இந்த வயசுல இனி ரொம்ப தள்ளிப்போட முடியாது.


சாப்பர் தம்பி:

மக்களே, நான் கருங்கல் பக்கம். மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது பட்டாளத்து எஞ்சினியர் படை, பெங்களூர் அல்சூர் ஏரிக்கரை சென்டர்ல ரெக்ரூட்டா இருந்தவன். எங்கள எல்லாம் பட்டாளத்துல தம்பின்னுதான் கூப்பிடுவாவ, பேரு அதான். நானும் அதே பசந்தர்தான். உங்க பாட்டா ஆளுங்க தாண்டி போறதுக்கு கண்ணிவெடி பொதைச்ச மைன்ஃபீல்டுல வழி வெட்டுனது நாங்க. உங்க போஸ்ட படிச்சதும் பேரன்கிட்ட போன வாங்கி நானே எழுதுகேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

சண்டைன்னா எல்லாரும் துப்பாக்கிய நெனைக்காவ. எங்களுக்கு கைல இருந்தது ஒரு கம்பி, பிராடர்னு சொல்லுவோம். மண்ணுக்குள்ள சாய்ச்சுதான் குத்தணும், நேரா குத்துனா மைன் தலைல உள்ள பிரஷர் பிளேட்ல பட்டுரும், அதோட கதை முடிஞ்சுது. நம்ம ஊருல மரச்சீனி எடுக்கும்போது கிழங்கு முறியாம பைய தோண்டுவோம்லா, அந்த பதம் கைல இருக்கணும். கம்பி எதுலயாவது தட்டுனா அங்கின நின்னு வெரலால மண்ண வழிச்சு பாக்கணும். கையுறை போட முடியாது, போட்டா வெரலுக்கு ஒண்ணும் தெரியாது. டிசம்பர் மாசம், ராத்திரி, பனிமூட்டம், வெரலு மரத்துப்போயி எனக்க வெரலா அடுத்தவன் வெரலான்னு தெரியாது. வாயில வச்சு ஊதி சூடாக்கி திரும்ப குத்துவோம். தலைக்கு மேல ஷெல் போய்கிட்டே இருக்கும், பக்கத்துல விழுந்தா மண்ணோட ஒட்டி படுத்துட்டு திரும்ப எந்திரிச்சு விட்ட எடத்துல இருந்து குத்தணும். படுக்குற எடமும் மைன்ஃபீல்டுதான், அத நீங்க யோசிக்கணும்.

அந்த மைன்ஃபீல்டு ஒரு கிலோமீட்டருக்கும் மேல அகலம். டேங்குக்கு முன்னால உருளை மாட்டுன டிரால் ஒரு பக்கம் போகும், நாங்க கையால ஒரு பக்கம். கிளியர் பண்ணுன பாதைக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை டேப் கட்டிக்கிட்டே போகணும், பின்னால வாற காலாட்படையும் டேங்கும் அந்த டேப்ப பாத்துதான் வரும். பாதை முழுசா தீரும் முன்னாலயே அந்தப்பக்கம் எதிரி டேங்க் சத்தம் கேக்குன்னு தகவல் வந்துச்சு, ஆத்த தாண்டி போன உங்க பாட்டா ஆளுங்ககிட்ட டேங்க் கிடையாது பாத்துக்கோங்க, அதனால பூனா ஹார்ஸ் செஞ்சூரியன் டேங்க பாதி கிளியரான பாதையிலயே உள்ள விட்டாவ. அருண் கேதர்பால்னு பரம்வீர் சக்ரா வாங்குன செகண்ட் லெப்டினன்ட், 21 வயசு பிள்ளை, அந்த டேங்க் ரெஜிமெண்டுதான். எங்க 9 எஞ்சினியர் ரெஜிமெண்ட் மேஜர் விஜய் ரத்தன் சவுத்ரியும் அந்த சண்டையிலதான் போனாரு, அவருக்கும் மகாவீர் சக்ரா. சாப் சாப்னு கூப்பிடுவோம், எங்க கூட மண்ணுல இருப்பாரு. அவரு இல்லன்னு சொன்னப்போ யாரும் ஒண்ணும் பேசல, வேல நடந்துகிட்டு இருந்துச்சு.

17ம் தேதி ராத்திரி 8 மணிக்கு சண்டை நின்னுச்சு. ஊருல எல்லாரும் பட்டாசு போட்டிருப்பாவ. எங்களுக்கு அதுக்கு அப்புறமும் வேல தீரல. ரெண்டு பக்கத்துக்காரனும் போட்ட மைன் மண்ணுக்குள்ள கெடக்கு, கரும்புக்காட்டுல கெடக்கு, சர்கண்டா புல்லுக்குள்ள கெடக்கு. சண்டை நின்ன பிறகு கால் போன ஆளுங்கள நான் பாத்திருக்கேன். அத எந்த புத்தகத்துலயும் பெரிசா எழுத மாட்டாவ.

உங்க பாட்டாகிட்ட எத்தன பேரன்னு கேக்கப்பிடாது. யாருகிட்டயும் கேக்கப்பிடாது. "பாட்டா, ஆத்துல வெள்ளம் எவ்வளவு இருந்துச்சு, பூட்ஸ் நனைஞ்சுதா, அன்னைக்கு என்ன சாப்பிட்டிய"ன்னு கேளுங்க. போன எடுத்து முன்னால வைக்காதிய. எந்த கம்பெனின்னு கேட்டு எனக்கு சொல்லுங்க, எங்க பாதைல வந்தவரான்னு நான் சொல்லிருவேன்.


மார்த்தாண்டத்து மகள்:

சாப்பர் ஐயா, படிச்சு கண்ணு நெறஞ்சு போச்சு. நான் சண்டைக்கு போனவ இல்ல, ஆனா அந்த சண்டை எங்க வீட்டுக்குள்ளயும் வந்துச்சு.

எங்க சின்ன சித்தப்பா 71ல மேற்கு எல்லையில போயிட்டாவ. எனக்கு அப்ப பத்து வயசு இருக்கும். அப்போ நம்ம ஊருக்கு ரயில் கிடையாது, திருவனந்தபுரத்துல இருந்து கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979லதான், அதனால லீவுக்கு வந்துட்டு போறவங்கள பஸ்ல திருவனந்தபுரம் வரைக்கும் கொண்டு விடணும். சித்தப்பா கடைசியா போனப்போ பச்சை டிரங்குப்பெட்டியும் ஒரு கட்டு மட்டிப்பழமும் கொண்டு போனாவ, ஆச்சி கருப்பட்டிய தனியா துணில கட்டி குடுத்தாவ. கடிதாசு வரும்போது அட்ரஸ்ல ஊரு பேரே இருக்காது, நம்பரும் ரெஜிமெண்டும் போட்டு 56 ஏ.பி.ஓ.ன்னு மட்டும் இருக்கும். 56 ஏ.பி.ஓ.ன்னா எங்க இருக்குன்னு ஆச்சி போஸ்ட்மேன்கிட்ட கேப்பாவ, அவருக்கும் சொல்ல தெரியாது.

டிசம்பர் மாசம் முழுக்க தெருவே ரேடியோ இருக்க வீட்டுத் திண்ணைலதான். டாக்கா விழுந்துச்சு, 93,000 பேரு சரணடைஞ்சாங்கன்னு சேதி சொன்ன அன்னைக்கு எங்க வீட்டுல பாயசம் வச்சாவ. கிறிஸ்மஸுக்கு முன்னால தந்தி வந்துச்சு.

அப்போ எல்லாம் உடல் வீட்டுக்கு வராது. அங்கயே அடக்கமோ தகனமோ பண்ணிருவாங்க. எங்களுக்கு வந்தது கொஞ்ச மாசம் கழிச்சு அந்த டிரங்குப்பெட்டிதான். கூட ஒரு லிஸ்ட், டைப் அடிச்சு ஆபீசர் கையெழுத்து போட்டது. கம்பளி சட்டை, வேட்டி, ஷேவிங் செட், பைபிள், கண்ணாடின்னு வரிசையா நம்பர் போட்டு எழுதி, நடுவுல "சோப்பு, பாதி உபயோகித்தது, 1"ன்னு அதையும் எழுதியிருந்தாங்க. அந்த இங்கிலீஷ் லிஸ்ட எங்கப்பா தமிழ்ல சத்தமா படிச்சு ஒவ்வொண்ணா எடுத்து ஆச்சி மடில வச்சாவ. எனக்கு எல்லாம் மறந்தாலும் அந்த சோப்பு மறக்காது, சுத்தி தேய்ஞ்சு நடுவுல பேரு மட்டும் லேசா தெரிஞ்சுது. யாரோ ஒரு கிளார்க்கு அவ்வளவு செத்த ஆளுங்களுக்கு நடுவுல உக்காந்து எங்க சித்தப்பாக்க பாதி சோப்பையும் விடாம எழுதி அனுப்பியிருக்காரு பாருங்க, அந்த மனுசனுக்கு நான் இன்னைக்கும் நன்றி சொல்லுவேன்.

2019ல டெல்லில இந்தியா கேட் பக்கத்துல தேசிய போர் நினைவுச்சின்னம் திறந்தாங்கல்லா, அதுல தியாக சக்ரான்னு சுத்துச்சுவர்ல 25,000 பேருக்கு மேல பேரு வெட்டி வச்சிருக்காங்க. என் மகன் டெல்லில வேலைல இருந்தப்போ போயி பாத்தேன். சித்தப்பா பேரு இருக்கு. கையால தொட்டு பாத்தேன். ஆச்சி இருந்திருந்தா கூட்டிட்டு போயிருப்பேன். வீட்டுல யாரையாவது சண்டைல இழந்தவங்க இருந்தா கண்டிப்பா ஒருக்க போங்க, பேரும் ரெஜிமெண்டும் சரியா எழுதிட்டு போங்க.


குளச்சல் ஸ்டோக்கர்:

நான் நேவி. குளச்சல்ல கடற்கரைல டச்சுக்காரன 1741ல தோக்கடிச்ச தூண் நிக்குல்லா, அதுக்கு சுத்தி ஓடி விளையாண்டு வளந்தவன். எங்கப்பா வள்ளத்துல போனாரு, நான் கப்பல்ல போனேன்.

லோனாவாலால ஐ.என்.எஸ். சிவாஜில மெக்கானிக்கல் ட்ரெய்னிங் முடிச்சு நேரா விமானம் தாங்கி கப்பல் விக்ராந்துல பாய்லர் ரூம். பழைய விக்ராந்த், இப்ப 2022ல கொச்சில நேவில சேந்தது இல்ல. 71ல எங்க கப்பல்ல ஒரு பாய்லர்ல கிராக். அத வச்சுகிட்டு சண்டைக்கு போகலாமா வேண்டாமான்னு மேல பெரிய பேச்சா இருந்துச்சு, கடைசில வங்காள விரிகுடாக்கு அனுப்பினாங்க. மத்த பாய்லர வச்சு ஓட்டணும். சாதாரண ஆளுக்கு இது புரியாது, அதனால சொல்றேன். விமானம் மேல ஏறணும்னா டெக்ல காத்து வேணும், அதுக்கு கப்பல் வேகமா ஓடணும், ஓடுறதுக்கும் ஸ்டீம் வேணும். விமானத்த தூக்கி எறியுற கேட்டபல்டும் ஸ்டீம்லதான் வேல செய்யும். எல்லாம் மிச்சம் இருக்க அந்த பாய்லருங்க தர்ற ஸ்டீம். அப்போ நாங்க கீழ எவ்வளவு தம் கட்டணும்னு பாத்துக்கோங்க.

டிசம்பர் 4ம் தேதி காக்ஸ் பஜாருக்கு சீ ஹாக் விமானம் கிளம்புச்சு, அப்புறம் சிட்டகாங். நான் ஒரு விமானத்தையும் பாக்கல. பாய்லர் ரூம்ல வேர்வைல சட்டை பிழியலாம், அங்க சண்டைன்னா பிரஷர் கேஜ் முள்ளுதான். மேல டமால்னு ஒரு அடி விழும், முள்ளு கீழ எறங்கும், ஒண்ணு கிளம்பிருச்சுன்னு அர்த்தம். ஒடனே பிரஷர ஏத்தணும், அடுத்தது காத்து நிக்கும். கிளம்புனது எண்ணுவோம், திரும்பி வந்து எறங்குற சத்தம் எண்ணுவோம். எண்ணிக்கை சரியா வந்தா சீஃப் ஆபீசர் ஒரு வார்த்தை சொல்லுவாரு, எல்லாருக்கும் உயிரு வரும்.

எங்களுக்கு பயம் டார்பிடோக்குத்தான். அடிபட்டா முதல்ல போறது கீழ இருக்கவன். காஜின்னு பாகிஸ்தான் சப்மெரின் எங்க கப்பலத்தான் தேடி வந்துச்சு, விசாகப்பட்டினம் பக்கத்துலயே அது முங்கிப்போச்சுன்னு பிற்பாடுதான் எங்களுக்கு தெரியும். ஆனா 9ம் தேதி அரபிக்கடல்ல டையூ பக்கம் நம்ம குக்ரி கப்பல அடிச்சுட்டாங்க. 18 ஆபீசரு, 176 மாலுமி. கேப்டன் முல்லா கப்பல விட்டு எறங்காம அதோட போனாரு. லோனாவாலால எனக்க பக்கத்து கட்டில்ல படுத்தவன் அதுல இருந்தான், எஞ்சின் ரூம். கடல்ல செத்தவனுக்கு அடக்கம் இல்ல, டிரங்குப்பெட்டியும் இல்ல, அதுவும் கப்பலோட போயிருச்சு. மார்த்தாண்டத்து அக்கா எழுதுனத படிச்சப்போ அவனுக்க அம்மைய நெனச்சேன்.


அருமனைக்காரன்:

எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்க, மரியாதையோட ஒண்ணு சொல்றேன். எங்கப்பாவும் 71 ஆளுதான், இப்ப இல்ல. உயிரோட இருக்கும்போது கிறிஸ்மஸ் ராத்திரி வெடி போட ஆரம்பிச்சா கதவ பூட்டிட்டு கட்டிலுக்கு அந்தப்பக்கம் தரைல உக்காந்திருப்பாவ. தூக்கத்துல இந்தில கத்துவாவ. அம்மை விடிய விடிய பக்கத்துல உக்காந்திருப்பாவ. ஒருக்க ஒரு சொந்தக்காரரு வற்புறுத்தி கேட்டு சொல்ல வச்சதுக்கு அப்புறம் ஒரு மாசம் தூக்கம் போச்சு. தக்கலை தம்பி, சில பேரு சொல்லாம இருக்கதே அவங்களுக்கு மருந்து. உங்க ஆசைக்காக ஒரு பெரிய மனுசன கிளறாதீங்க.


பலாலி சிக்னல்:

அருமனைக்காரர் சொல்றதுல நியாயம் இருக்கு. நானும் ரொம்ப வருசம் அப்படித்தான் இருந்தேன். ஆனா எனக்கு வாய அடைச்சது சண்டை மட்டும் இல்ல, ஊரும்தான். அத சொல்லணும்.

நான் ஐ.பி.கே.எஃப்.ல இருந்தேன். 87ல சிலோனுக்கு போன நம்ம அமைதிப்படை. சிக்னல்ஸ், வயர்லெஸ் ஆபரேட்டர். பலாலி ஏர்ஃபீல்டுல எறங்குனப்போ ஆரத்தி எடுத்து மாலை போட்டாங்க, நெஜமா, பொம்பளைங்க வரிசைல நின்னு பொட்டு வச்சு விட்டாங்க. அக்டோபர்ல எல்லாம் மாறிப்போச்சு. நேத்து கையாட்டுன தெருவுல இன்னைக்கு ஹெல்மெட் இல்லாம தலைய நீட்ட முடியாது. ரோட்டுக்கு அடியில பேரல்ல வெடிமருந்து பொதைச்சு வச்சிருப்பாங்க, கலுங்கு பாலம் ஒவ்வொண்ணையும் தாண்டும்போது வண்டில யாரும் மூச்சு விட மாட்டான்.

எனக்கு தமிழ் தெரியும்கிறதுனால செட்ட எறக்கி வச்சுட்டு செக்போஸ்ட்டுக்கு வான்னு கூப்பிட்டு போயிருவாங்க. எங்க ஆபீசரு வடநாட்டுக்காரரு, அவரு இந்தில கேக்கத நான் தமிழ்ல கேக்கணும், அவங்க சொல்றத நான் திருப்பி சொல்லணும். ஒரு நாளு ஒரு ஆச்சி, சாக்குல ஒடியல் கொண்டு போனாவ. பனங்கிழங்கு கீறி காயப்போட்டது. சாக்க அவுத்து கொட்டி பாக்க சொன்னாங்க. நானும் பனங்காட்டு ஊர்க்காரன்தான், எங்க அம்மையும் அதே போல கிழங்கு அவிச்சு வெயில்ல பரத்துவா. ஒவ்வொண்ணா நான் எடுத்து திரும்ப சாக்குல போட்டு கட்டி குடுத்தேன். அந்த ஆச்சி எனக்க மொகத்த பாத்து "தம்பி, நீங்கள் எங்கட ஆக்கள் மாதிரி கதைக்கிறியள், பிறகேன் துவக்கோட நிக்கிறியள்"னு கேட்டா. ஆபீசரு பக்கத்துல நின்னு என்ன சொல்லுகா, என்ன சொல்லுகான்னு கேக்காரு. ஒண்ணும் இல்ல சாப், கிழங்குக்கு தேங்க்ஸ் சொல்லுகான்னு சொல்லிட்டேன்.

எங்க செட்டுல இருந்து நான் அனுப்புன கேஷுவல்டி மெசேஜ் எல்லாம் இப்பவும் காதுல இருக்கு. நம்பர், ரேங்க், பேரு, காயமா மரணமா. பேர எழுத்து எழுத்தா சொல்லணும், ஒரு எழுத்து தப்புனா வேற வீட்டுக்கு தந்தி போயிரும். சுமார் 1,200 பேரு அந்த மண்ணுல போனாங்க. பரம்வீர் சக்ரா வாங்குன மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் தமிழர்தான், 87 நவம்பர்ல யாழ்ப்பாணத்துல இறந்தாரு, இங்க எத்தன பேருக்கு அவரு பேரு தெரியும்?

90 மார்ச்ல கடைசி கப்பலும் திரும்பி வந்துச்சு. ஊருக்கு வந்து முதல் நாளே டீக்கடைல ஒரு ஆளு "நம்மாளுகளத்தான சுட்டுட்டு வாற"ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டான். எனக்கு பதில் சொல்ல தெரியல. அதோட அந்த மெடல, விதேஷ் சேவா மெடல்னு சிறீலங்கா பட்டையோட குடுத்தது, பீரோல உள்ள தள்ளுனேன். மத்த சண்டைல இருந்து வந்தவன ஊரு தோள்ல தூக்கும். எங்கள கேள்வி கேட்டுச்சு, இல்லன்னா மொகத்த திருப்பிச்சு. போனவன் இஷ்டப்பட்டா போனான்? மூவ்மெண்ட் ஆர்டர் வந்துச்சு, போனோம். அந்த மக்கள் பட்ட பாடும் எனக்கு தெரியும், எங்க ஆளுங்க பட்ட பாடும் எனக்கு தெரியும், ரெண்டுல ஒண்ண மறைச்சுட்டு ஒண்ண சொல்ல எனக்கு வராது.

அருமனைக்காரர் தம்பி, உங்கப்பாவ கேட்ட சொந்தக்காரரு எப்படி கேட்டாரோ தெரியாது. எனக்கு பேச்சு வந்தது கூட இருந்த ஒரு பஞ்சாபி நண்பன் ரிட்டயர்டாகி கன்னியாகுமரி பாக்க வந்து வீட்டுல தங்குனப்போதான். அவனும் நானும் இந்தில பேசிக்கிட்டு இருந்தோம், எனக்க மகள் அடுக்களை வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்கா. அதுக்கு அப்புறம் அவ கேட்டா சொல்லுகேன். பட்டாளத்துக்காரன பேச வைக்க இன்னொரு பட்டாளத்துக்காரன் வேணும், எனக்கு தெரிஞ்சது அதுதான்.


ஆரல்வாய்மொழி கன்னர்:

கார்கில். போஃபர்ஸ் பீரங்கி ரெஜிமெண்ட். திராஸ்.

எங்களது பாத்த சண்டை, கேட்ட சண்டை ரெண்டும். 155 எம்.எம். ஷெல் ஒண்ணு 40 கிலோக்கு மேல வரும். திராஸ் 10,000 அடிக்கும் மேல, சும்மா நடந்தாலே மூச்சு எரைக்கும், அதுல ஷெல்ல தூக்கி தூக்கி லோட் பண்ணணும். தோலோலிங்க்கு அடிச்சப்போவும் டைகர் ஹில்லுக்கு அடிச்சப்போவும் பீரங்கி ஓஞ்சதே கெடையாது. ரோட்டு ஓரத்துலயே கன்ன நிறுத்தி மலை உச்சிய நேரா பாத்து அடிச்சோம், வழக்கமா கன்னருக்கு அடிக்கிற எடம் கண்ணுல தெரியாது, அங்க தெரிஞ்சுது. நாங்க அடிக்கிறப்போ மேல ஏறுறது நம்ம காலாட்படை பசங்க. ஓ.பி. ஆபீசர், அதாவது குண்டு எங்க விழுதுன்னு பாக்குறவரு, அவங்க கூடவே ஏறி வயர்லெஸ்ல கரெக்ஷன் சொல்லுவாரு, 50 மீட்டர் தப்புனா நம்மாளு மேலயே விழும். டைகர் ஹில் ஜூலை 4 விடியக்காலைல விழுந்துச்சுன்னு சேதி வந்தப்போ கன் பக்கத்துல நின்னபடியே தூங்கிக்கிட்டு இருந்தவன எழுப்பி சொன்னோம்.

அவனும் எங்கள தேடி அடிப்பான். மேல இருந்து ரோடு முழுக்க அவனுக்கு தெரியும். எங்க பக்கத்து கன்ல ஒரு ஷெல் விழுந்துச்சு. அதுக்கு மேல எழுத வேண்டாம்.

மார்த்தாண்டத்து அக்கா சொன்ன மாதிரி 71ல டிரங்குப்பெட்டிதான் வந்துச்சு. 99ல சவப்பெட்டியே ஊரு ஊரா வந்துச்சு, 527 பேரு, டிவில எல்லாம் காட்டுனாங்க. எனக்க வீட்டுக்காரி அந்த ரெண்டு மாசமும் டிவி போட விடல. எஸ்.டி.டி. பூத்துல இருந்து போன் கெடைச்சப்போ அவ முதல்ல கேட்டது "சத்தமா பேசுங்க"ன்னு இல்ல, "எதுக்கு கத்துறீங்க"ன்னு. அப்பவே எனக்கு எடது காது போயிருந்துச்சு, கத்திதான் பேசிருக்கேன்.

கன்னருங்களுக்கு ஒரு விசயம். காது கேக்காம இருக்குதுன்னா பட்டாளத்த விட்டு வரும்போது நடத்துற ரிலீஸ் மெடிக்கல் போர்டுல அது ரெக்கார்டாச்சான்னு டிஸ்சார்ஜ் பேப்பர்ல பாருங்க. எனக்கு ஒரு ஆபீஸ்ல பேப்பர் இல்லன்னு வருசக்கணக்கா அலைய விட்டாங்க. கடைசில கையில இருந்த பழைய மெடிக்கல் காப்பிதான் காப்பாத்துச்சு. காப்பி எதையும் தூக்கி போடாதீங்க. பெரியவங்க நெறைய பேருக்கு பென்ஷன் ஸ்பர்ஷ்ங்கிற ஆன்லைன் முறைக்கு மாறுனதுல பேரு, பிறந்த தேதி எழுத்து மாறி கெடக்கு, வருசா வருசம் லைஃப் சர்டிபிகேட்டும் குடுக்கணும், பிள்ளைங்க உக்காந்து பாத்து குடுங்க.


தக்கலைப்பேரன்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்லன்னு தெரியல. அருமனை அண்ணன் சொன்னதையும் நான் யோசிச்சேன், அதனால நேரா கேக்கல. நேத்து சாயங்காலம் பாட்டா வெத்தல போட்டுக்கிட்டு திண்ணைல இருக்கும்போது சாப்பர் ஐயா எழுதுனத சத்தமா படிச்சு காட்டுனேன். கம்பிய சாய்ச்சு குத்தணும்ங்கிற எடத்துல பாட்டா வெத்தலைய கீழ வச்சுட்டாவ. வெள்ளை டேப்புன்னு படிச்சதும் "ஒரு பக்கம் டேப் அறுந்து கெடந்துச்சு, கைய முன்னால போறவன் பெல்ட்டுல புடிச்சுட்டு போனோம்"னு அவங்களாவே சொன்னாவ. ஆத்துல முட்டளவு கூட வெள்ளம் இல்ல, ஆனா சகதி, பூட்ஸ் உள்ள போயிட்டு வராது. சராஜ் சக் புடிச்ச பிறகு ஷெல்லுக்கு நடுவுல மண்வெட்டி இல்லாம மெஸ் டின்ன வச்சு மோர்ச்சா, அதாவது பதுங்குகுழி, தோண்டுனாவளாம். சி.ஓ. சாப் மோர்ச்சா மோர்ச்சாவா வந்து பேசிட்டு போனாருன்னு சொன்னாவ, அதுக்கு மேல சொல்லல, நானும் கேக்கல. அப்புறம் அவங்க கேட்ட கேள்வி இதுதான்: "இத எழுதுனவரு எந்த ஊரு? வருவாரா?"

ஐயா, வருவீங்களா? பாட்டா பி கம்பெனின்னு சொல்லுகாவ.


சாப்பர் தம்பி:

வாறேன் மக்களே. டேப் அறுந்தது நெஜம், ஷெல் விழுந்து அறுந்துச்சு, திரும்ப கட்ட போன பையன் எங்க செக்ஷன்தான். அந்த ஒரு சொல்லு போதும், உங்க பாட்டா எங்க வழியில வந்தவருதான்.

ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு கருங்கல்ல இருந்து பஸ் ஏறுகேன், தக்கலை பஸ் ஸ்டாண்டுல வந்து நில்லுங்க, முட்டு வலி இருக்கதுனால ரொம்ப நடக்க முடியாது. பாட்டாக்க டிஸ்சார்ஜ் புக்கும் மெடலும் எடுத்து வையுங்க, 71 சண்டைக்கு குடுத்த பஸ்சிமி ஸ்டாரும் சங்கிராம் மெடலும் இருக்கணும், இல்லன்னா நம்பர் போட்டு வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதணும், எப்படி எழுதன்னு நான் சொல்லித்தாறேன். பலாலி சிக்னல் தம்பி, நீங்களும் வாங்க. சண்டை எதுவானா என்ன, வாங்க.


திங்கள்நகர் மருமகள்:

எங்க மாமனாரு 65ல சியால்கோட் பக்கம் இருந்தவரு, 84 வயசு. இந்த போஸ்ட எல்லாம் நான் படிச்சு காட்டுனதுல இருந்து ஞாயித்துக்கிழமை எப்பன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. கூட்டிட்டு வரலாமா? ஆட்டோல வந்துருவோம். காது கேக்காது, கொஞ்சம் கத்தி பேசணும். சக்கரை இருக்கு, டீல சீனி போடாம குடுத்தா போதும்.


சாப்பர் தம்பி:

கூட்டிட்டு வாங்க மக்களே. 65 ஆளுங்க எங்களுக்கு சீனியரு. கன்னரு தம்பியும் வாறேன்னு மெசேஜ் போட்டிருக்காரு, அவருக்கும் காது கேக்காது, ரெண்டு பேரையும் பக்கத்து பக்கத்து கசேரில இருத்துவோம்.